கலிங்கும் கணக்கேடும்

ஆரணியிலிருந்து போளூர் செல்லும் சாலையில், வடமாதிமங்கலத்தை அடுத்துள்ள திருமலையை அறியாத சமணர் நம் பகுதியில் இரார். குந்தவை சினாலயத்தையும் பதினாறடி உயர நேமிநாதரையும் வணங்கி, குகை ஓவியங்களைக் கண்டு திரும்புவோர் ஆண்டுதோறும் பலர். வரலாற்றில் நாட்டமுடையோர் இராசேந்திர சோழனின் 13-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டைத் தேடிச் சென்று பார்ப்பர். கங்கை வரை சென்ற அவன் படையெடுப்பை விரிவாகக் கூறும் பெருமை அதற்கு உண்டு. அதே மலையடியில், கோபுரத்திற்கு முன்னே மண்ணில் புதைந்து கிடந்த பாறை ஒன்றில் மற்றொரு கல்வெட்டும் உள்ளது. ஹுல்ஷ் பதிப்பித்து 1890-இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியிலேயே அது அச்சேறிவிட்டது. எனினும் அதைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. அதில் போர் இல்லை, மன்னன் அளித்த கொடையும் இல்லை என்பது காரணமாக இருக்கலாம்.

முதலாம் இராசராசனின் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1005-06 அளவில், குணவீர மாமுனிவர் என்னும் துறவி இங்கே ஒரு கலிங்கு கட்டுவித்தார் என்பதே அக்கல்வெட்டின் செய்தி. கலிங்குக்குக் கணிசேகர மருபொற்சூரியன் என்னும் சமண ஆசிரியரின் பெயரைச் சூட்டினார். வைகை மலை என்று அக்கல்வெட்டு குறிப்பிடும் இத்திருமலையின் இரு மருங்கிலும் நெடுங்காலம் நெல் விளைய வேண்டும் என்பது அவர் நோக்கம். செய்யுள் வடிவில் அமைந்த சிறு கல்வெட்டு; செய்தி அவ்வளவே.

"துறவிக்கு ஏரியும் நெல்லும் எதற்கு ஐயா?" என்று வகுப்பில் மாணவர் சிலர் என்னைக் கேட்டதுண்டு. ஊரார் உண்டால்தான் பள்ளியில் இருப்போர்க்கும் உணவு வரும் என்று அப்போது விடை கூறுவேன். அவ்விடையில் பிழையில்லை. ஆயினும் அதைவிட நுட்பமான வினா ஒன்று அக்கல்லில் இருக்கிறது. ஏரிக்கு மதகு இருக்க, அவர் ஏன் கலிங்கைத் தேர்ந்தார்?

நகரத்தில் வளரும் இளையோர்க்காக இவ்விரண்டின் வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். மதகு என்பது ஏரிநீரை வயலுக்கு விடும் வாய். அதைத் திறந்த அன்றே பயன் கண்ணுக்குத் தெரியும். கலிங்கு என்பது ஏரி நிரம்பியபின் மிகும் நீர் கரையை உடைக்காமல் வழிந்தோடுவதற்குக் கல்லால் கட்டப்படும் போக்கு. மழை குறைந்த ஆண்டில் அதனால் எப்பயனும் இல்லை. அளவான மழை பெய்த ஆண்டிலும் இல்லை. ஆடு மேய்ப்போர் அதன்மேல் அமர்ந்து இளைப்பாறுவர். பத்தாண்டிலோ இருபதாண்டிலோ ஒருமுறை ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரே இரவில் ஏரி பெருகும்போது அந்தக் கல்லடுக்கு தன் வேலையைச் செய்யும். செய்தது வெளியே தெரியாது. கரை உடையவில்லை என்பது மட்டுமே தெரியும். நடவாமற்போன ஒன்றுக்காகச் செலவிட்ட பணத்தைக் கணக்கேட்டின் எந்தப் பக்கத்தில் வரவு வைப்பது? இக்கேள்விக்கு விடை காணாத ஆட்சிகளும் ஊர்களும் என்ன ஆயின என்பதை நம் வட ஆர்க்காட்டுப் பகுதியின் வரலாறு தெளிவாகவே காட்டுகிறது.

பழந்தமிழகம் அவ்விடையை ஓரளவு கண்டிருந்தது. மேலே குறித்த இராசேந்திரன் கல்வெட்டின் முடிவைப் பாருங்கள். மன்னனின் வெற்றிகளையெல்லாம் அடுக்கிய பின், கரைவழி மல்லியூரில் வாழ்ந்த வணிகர் நன்னப்பையன் என்பாரின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை சினாலயத்தில் நந்தா விளக்குக்காக 20 காசும் திருவமுதுக்காக 10 காசும் அளித்த செய்தி வருகிறது. அத்தனை நீண்ட மெய்க்கீர்த்தியும் இந்த 30 காசுக்கு முன்னுரையாக நிற்பதை எண்ணி நான் வியந்ததுண்டு. நந்தா விளக்கு என்பது அணையாமல் எரியும் விளக்கு. அதற்காக அளித்த காசை எண்ணெய்க்குச் செலவிட்டால் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். ஆதலால் இத்தகைய கொடைகளில் காசு முதலாக நிற்கும். அதைப் பெற்றுக்கொண்டோர் ஆண்டுதோறும் தரும் பொலிசையில், அதாவது வட்டியில், விளக்கு எரியும். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு பொலிசை என்ற விகிதம் காணப்படுகிறது, நூற்றுக்குப் பன்னிரண்டரை. அவ்விகிதத்தைக் கொண்டு கணக்கிட்டால் 20 காசு ஆண்டுக்கு இரண்டரைக் காசு ஈட்டும். முதல் அப்படியே இருக்கும்.

விளக்குக்கு ஆடு விடும் வழக்கத்திலும் இதே முறைதான். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெறும் இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். மூத்ததும் இறந்ததும் போக, ஈன்ற குட்டிகளால் எண்ணிக்கையை நிரப்பிக்கொள்வது அவர் பொறுப்பு. ஆகவேதான் கல்வெட்டுகள் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்கின்றன. ஆடு சாகாமல் இராது. ஆட்டின் எண்ணிக்கை சாகக்கூடாது. இதைவிடச் சுருக்கமாக முதலையும் பயனையும் வேறுபடுத்திச் சொன்ன தொடரை நான் எம்மொழி நூலிலும் கண்டதில்லை.

நீர்நிலைகளுக்கும் இம்முறையே. 945 அளவில் விளாப்பாக்கத்தில் பட்டினிக் குரத்தியடிகள் என்னும் சமணப் பெண்துறவி ஒரு கிணறு தோண்டுவித்தார். திருப்பான்மலை அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கியர் அவர். ஏரியில் தூர் எடுக்க ஓடங்கள் வாங்கவும், அவ்வோடங்களில் வேலை செய்வோர்க்குக் கூலி தரவும் பொன்னும் நிலமும் அளிக்கப்பட்ட செய்திகள் சோழர் காலக் கல்வெட்டுகளில் உள்ளன. உத்தரமேரூரில் ஏரி வாரியம் என்றே ஒரு குழு இருந்தது. 919, 921 ஆண்டுகளைச் சார்ந்த அவ்வூரின் புகழ்பெற்ற கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகவே இன்று நினைக்கப்படுகின்றன. எனக்கு அவற்றில் மிகவும் பிடித்த விதி வேறு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்தில் அமர முடியாது. பொதுப்பணத்தைக் கையாண்டோர் எல்லாரும் உத்தமர் என்று நம்பியிருந்தால் இப்படியொரு விதி பிறந்திராது. அக்காலத்தைப் பொற்காலம் என்று போற்றிப் பாடுவோர் இவ்விதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பிற்காலத்திலும் களத்தில் நெற்குவியலை அரசுக்கு இவ்வளவு, உழவனுக்கு இவ்வளவு என்று பிரிக்கும் முன்பே சில பங்குகள் ஒதுக்கப்பட்டன. மேரை என்று அவற்றைக் கூறுவர். கணக்கர், தச்சர், கொல்லர், நீர்க்கட்டி ஆகியோர்க்கும் கோயில்களுக்கும் உரிய பங்கோடு ஏரிக்கு உரியதும் அதில் இருந்தது. வட ஆர்க்காட்டிலும் அதன் வடக்கேயும் தசபந்தம் என்னும் முறையும் வழங்கியது. ஏரியைக் கட்டியவர் அல்லது செப்பம் செய்து காப்பவர் அதற்கு ஈடாக நிலத்தையோ வரிக்கழிவையோ பெற்று அனுபவிப்பார். இம்முறைகளின் சிறப்பு ஒன்றே. ஏரிச் செலவு ஆண்டுதோறும் எவரிடமும் சென்று கேட்டுப் பெறவேண்டிய செலவாக இல்லை. வருவாய் கைக்கு வருமுன்பே கழிந்துவிட்டது. கையில் வந்த பின் ஒதுக்கலாம் என்றால் ஒதுக்க மனம் வராது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

1801-இல் கர்நாடக நவாபின் நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. ஆரணி ஜாகீர் தனியே நின்றாலும், சுற்றியுள்ள வட்டங்கள் கம்பெனியின் நேரடி வரிவசூலுக்கு உட்பட்டன. புதிய ஆட்சி ஏரிகளை அழிக்க வந்ததன்று. அவற்றால்தான் வரி வந்தது என்பதும் அதற்குத் தெரியும். ஆயினும் களத்துப் பங்குகள் பல வரியோடு சேர்க்கப்பட்டு அரசுக் கருவூலத்திற்குச் சென்றன. செப்பனிடும் பொறுப்பும் உடன் சென்றது. அப்பணம் திரும்பி வருவதற்கு மதிப்பீடு, மேலதிகாரியின் ஒப்புதல், வருவாய் வாரியத்தின் அனுமதி என்று படிகள் பல. கரையில் ஒரு நண்டு வளை பெருகி உடைப்பாவதற்கு அத்தனை படிகள் தேவையில்லை. ஒரு மழை போதும்.

இதன் விளைவை அரசே அமைத்த பொதுப்பணி ஆணையம் 1852-இல் எண்ணிப் பார்த்தது. சென்னை மாகாணத்தின் 14 மாவட்டங்களில் பயன்பாட்டில் இருந்த ஏரிகள் 43,000. பழுதுற்றுக் கிடந்தவை 10,000. கரைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 30,000 மைல். மதகு, கலிங்கு முதலிய கட்டுமானங்கள் 3,00,000 அளவில் இருக்கும் என்று மதிப்பிட்டனர். இத்தனையும் இந்நாட்டார் கட்டியவை, ஆங்கிலேயர் புதிதாக ஓர் ஏரியும் கட்டவில்லை என்று அவ்வாணையத்தாரே ஒப்புக்கொண்டனர். ஐந்துக்கு ஒன்று பாழ் என்பதுதான் அரை நூற்றாண்டுச் சிக்கனத்தின் பலன். சில ஆண்டுகள் கழித்து, 1858 சூன் மாதத்தில், ஜான் பிரைட் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் ஓர் ஒப்பீட்டை முன்வைத்தார். 1834 முதல் 1848 வரை 14 ஆண்டுகளில் கம்பெனி இந்தியா முழுமைக்கும் எல்லாப் பொதுப்பணிகளுக்கும் செலவிட்டதைவிட, மான்செஸ்டர் என்ற ஒரு நகரம் தன் குடிநீருக்கு மட்டும் செலவிட்டது அதிகம் என்றார் அவர்.

அதே காலத்தில் ஆர்தர் காட்டன் பெருஞ்செலவுக்கு ஒப்புதல் பெற்றார் என்பதையும் சொல்லியாக வேண்டும். கொள்ளிடத்தில் 1836-இல் தொடங்கிய மேலணையும், கோதாவரியில் 1847 முதல் 1852 வரை கட்டப்பட்ட தவுளேசுவரம் அணையும் அவர் பணிகள். அவை வெற்றி பெற்றதற்கு அவருடைய விடாமுயற்சி ஒரு காரணம். மற்றொரு காரணம் கணக்கேடு. புதிய அணையால் புதிய பாசனம், புதிய பாசனத்தால் புதிய வரி. செலவுக்கு எதிரே வரவு எழுதிக் காட்ட முடிந்தது. திருமலை போன்ற சிற்றூர்களின் கலிங்கைச் செப்பனிட்டால் புதிய வரி ஒரு காசும் வாராது; பழைய வரி நிற்காமல் வந்துகொண்டிருக்கும், அவ்வளவே. ஆகவே பேரணைகள் எழுந்தன. பல்லாயிரம் சிற்றேரிகள் தூர்ந்தன. 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றைச் சென்னை மாகாணத்திற்கு இயற்றி, உடைப்பு நேர்ந்தால் ஊரார் வந்து அடைத்தாக வேண்டும் என்றனர். மேரையையும் உரிமையையும் எடுத்துக்கொண்டு வேலையை மட்டும் ஊரிடம் விட்ட அச்சட்டத்திற்குக் குடிமராமத்து என்ற நல்ல பெயரைச் சூட்டுவது பொருந்தாது என்பது என் கருத்து.

1876-இல் மழை பொய்த்தது. அடுத்து வந்ததைத் தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். ஏரிகளைச் செப்பனிட்டிருந்தால் பஞ்சமே வந்திராது என்று சொல்வது மிகை. வானம் பொய்த்தால் ஏரியும் வறளும். ஆனால் சென்ற ஆண்டின் நீரைச் சிறிதேனும் தேக்கி வைத்திருக்கக்கூடிய, கிணறுகளின் ஊற்றைக் காத்திருக்கக்கூடிய நீர்நிலைகள் பல முன்னரே தூர்ந்திருந்தன என்பதும் உண்மை.

அப்பஞ்சத்தின்போது மீண்டும் அதே கணக்கேடு திறக்கப்பட்டது. 1873-74-இல் பீகார் பஞ்சத்தில் ரிச்சர்டு டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசியைத் தருவித்து மக்களைக் காத்தார். சாவு மிகக் குறைவு. பாராட்டுக்கு மாறாக அளவுக்கு மீறிச் செலவிட்டார் என்ற பழிதான் அவருக்குக் கிடைத்தது. 1877 சனவரியில் அவரையே வைசிராய் லிட்டன் பிரபு, செலவைக் குறைக்கும் பணியோடு சென்னைக்கு அனுப்பினார். பழியினின்று மீளும் வேகத்தில், நிவாரணப் பணியில் மண் சுமக்கும் ஆள் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று டெம்பிள் வகுத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், இவ்வளவு உண்டு உழைக்கும் உடல் அழியும் என்று வலுவாக மறுத்து எழுதினார். சில மாதங்களுக்குப் பின் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் இறந்தோர் இறந்தனர். மிச்சம் பிடிக்க முனைந்தும் பஞ்ச நிவாரணத்திற்கு அரசு செலவிட்ட தொகை ஏறத்தாழ 8 கோடி ரூபாய். வட ஆர்க்காடு மாவட்டத்தின் மக்கள்தொகை 1871 கணக்கெடுப்பில் 20 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. 1881-இல் 18 இலட்சம் அளவுக்கு இறங்கியது. அரை நூற்றாண்டாக ஏரிச் செலவில் மிச்சம் பிடித்தவர்கள் இந்த இரண்டு தொகைகளையும் தங்கள் கணக்கில் எழுதவில்லை.

நெசவாளர் நிறைந்த நம் ஊரில் இதைப் படிப்போர் சிலர், ஏரி உழவர் சங்கதி அல்லவா என்று எண்ணலாம். அப்படியன்று. பஞ்சத்தில் முதலில் நிற்பது தறி. சோற்றுக்கில்லாதவன் சேலை வாங்கான். உழவன் பட்டினி கிடக்கத் தொடங்குமுன்பே நெசவாளன் பட்டினி கிடப்பான். ஆரணி பட்டுக்கும் அரிசி ஆலைக்கும் ஒருங்கே பெயர் பெற்ற ஊர். இவ்வூரின் வணிகத்தை 1973 முதல் நான்கு பதிற்றாண்டுகள் ஆராய்ந்த பார்பரா ஹாரிஸ்-ஒயிட் என்னும் ஆங்கிலப் பேராசிரியர், இவ்வூரையும் சுற்றுக் கிராமங்களையும் ஒன்றாகவே வைத்துப் பார்த்தார். நெல்லும் நெசவும் இங்கே அண்டை வீட்டார். பட்டின் பசை நீக்கவும் சாயம் தோய்க்கவும் நல்ல நீர் வேண்டும். மழைக்காலத்திலோ வேறு தொல்லை. கலிங்கிலிருந்து செல்லும் வெள்ளவாரியை மறித்து வீடுகள் எழுந்த இடத்தில், மிகுநீர் தெருவில் புகும். தெருவில் புகுந்த நீர் குழித்தறியின் குழியில் நிற்கும். பாவு நனைந்து தறி நின்றால் அந்த மாதக் கூலி போயிற்று. வாரியைத் தூர்த்து மனையாக்கியவர் பெற்ற இலாபம் ஒரு பத்திரத்தில் இருக்கிறது. தறி நின்ற நாள்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

விடுதலைக்குப் பின்னும் இக்கதை முழுதும் மாறிவிடவில்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உண்டு. 1960-களில் ஏறத்தாழ 9 இலட்சம் ஹெக்டேர் ஏரிப்பாசனம் பெற்றது. பின்னர் அது பாதி அளவுக்குச் சுருங்கியது. மின்மோட்டாரும் கிணறும் அவ்விடத்தைப் பிடித்தன. 1990 முதல் உழவர்க்கு மின்சாரம் இலவசமாயிற்று. வறிய உழவர் பலருக்கு அது வாழ்வளித்தது. அதை இகழ்வோர் வெயிலில் கவலை இறைத்தறியார். எனினும் கிணற்று நீர் கைக்கெட்டியபின் ஏரிக்கரையில் மண்வெட்டியோடு கூடுவோர் குறைந்தனர். ஏரி தூரவே ஊற்று தாழ்ந்தது. ஊற்று தாழவே ஆழ்துளைக் கிணற்றுக்கு அடிக்கணக்கில் கடன் ஏறியது. மின்சாரத்திற்குக் கொடாத பணத்தை மண்ணைத் துளைப்பதற்குக் கொடுத்தோம். 2017-இல் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை 100 கோடி ரூபாயில் மீண்டும் தொடங்கியது வரவேற்கத்தக்கது. அத்திட்டத்தால் தூர் எடுத்த ஏரிகள் சில இன்று நிரம்புகின்றன. அடுத்த தூர் எடுப்புக்கு எவர் பொறுப்பு, எந்நிதி என்பது அவ்வூர்களில் இன்னும் முடிவாகவில்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த பெருவெள்ளம், வடமாவட்டங்களில் நீர்ப்போக்குகள் எவ்வளவு அடைபட்டுள்ளன என்பதை நமக்கு நினைவூட்டிச் சென்றது.

நம் அறக்கட்டளைகளும் இதற்கு விலக்கல்ல என்பதால் ஒன்றை வெளிப்படையாகக் கூற விரும்புகிறேன். புதிய மண்டபம் கட்டுவோம் என்றால் நன்கொடையாளர் வரிசையில் வருகின்றனர்; பெயர் பொறித்த கல் கிடைக்கும். பழைய மண்டபத்தின் மேல்தளத்தில் நீர்க்கசிவை அடைப்போம் என்றால் கூட்டம் கலைகிறது. மின்விசிறியின் இறக்கையில்கூட உபயதாரர் பெயரைக் காண்கிறோம். அதைத் துடைத்துப் பழுது பார்ப்பதற்கு உபயம் தந்தவரை நான் கண்டதில்லை. விழாச் செலவைக் குறைக்கச் சொல்லவில்லை. விழாவில்லாத ஊரில் நிதி திரட்டவே முடியாது.

நான் முன்வைப்பது ஒரு சிறு ஏற்பாடு. இனி பெறும் எந்த நன்கொடையிலும், மண்டபமாயினும் தேராயினும் அன்னதானமாயினும், பத்தில் ஒரு பங்கைப் பராமரிப்பு முதல் என்று தனி வைப்பில் இட வேண்டும். முதலைத் தொடும் அதிகாரம் எந்த நிருவாகக் குழுவுக்கும் இருத்தல் கூடாது. வட்டி மட்டும் செலவுக்குரியது. ஆண்டுக்கொருமுறை விழா நாளில், சொற்பொழிவு தொடங்குமுன், அக்கணக்கு மேடையில் படிக்கப்பட வேண்டும். படிக்கத் தவறிய குழுவினர் அடுத்த முறை தேர்தலுக்கு நிற்கலாகாது. இவ்விதி கடுமையாகத் தோன்றினால், 1,100 ஆண்டுகளுக்கு முன் உத்தரமேரூரார் உறவினரையும் சேர்த்து விலக்கினர் என்பதைக் கருதுக. நான் உறவினரை விட்டுவிட்டேன்.

அம்முதலின் வட்டியில் முதலாண்டுச் செலவாகத் திருமலை அடிவாரத்து நீர்ப்போக்குகளை ஊரார் துணையோடும், ஊராட்சி, நீர்வளத் துறை ஆகியவற்றின் இசைவோடும் பார்வையிட்டு, முட்செடி அகற்றும் கூலியைத் தரலாம். ஐப்பசிக்கு முன் அது முடிய வேண்டும். கருவேல முள் வெட்டுவோர்க்கும் பொக்லைன் வாடகைக்கும் ஆகும் தொகையை விசாரித்து வைத்திருக்கிறேன்; சென்ற ஆண்டு விழாப்பந்தலுக்கு நாம் கொடுத்ததைவிட அது குறைவு. அடுத்த பொதுக்குழுவில் இத்தாளை உறுப்பினர்முன் வைப்பேன்.